பூரணி பாடாமல் விட்ட முனகல்

உடம்புக்குள் இருக்கிற செல்களெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஈரல் என்று ஓர் ஊர் இருந்தது. ஊரின் நடுவே இரத்த ஆறு ஓடியது. ஆற்றின் இரு கரையிலும் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். இன்றைக்கு நாம் செல் என்று சொல்வதைத்தான் அப்போது வீடு என்றார்கள். வீட்டுக்கு ஒரு தலைவி. உடம்பு முழுவதற்கும் ஆக்கிப் போடுகிற ஊர் என்பதால் ஈரல்காரிகளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

அந்த ஊரின் மேலக்கரையில் குடியிருந்தவள் பூரணி. எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளிவைத்து அறியாதவள். அவள் வீட்டில் அடுப்பு அணைந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் வேலையில்லாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் போதும், அவளுக்குக் கண்ணில் மண் விழுந்ததுபோல் ஆகிவிடும். நல்லவள்தான். பொறுமை மட்டும் கிடையாது.

எல்லா வீட்டிலும் இருப்பதுபோல் பூரணி வீட்டிலும் நடுவில் ஒரு தாயறை இருந்தது. அதற்குள் ஒரு நீளப்பாட்டு எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாட்டில் ஓரடி ஈரடி கற்றுக்கொண்டு பாடகர்கள் வெளியே வருவார்கள். நேரே அடுக்களைக்குப் போய்ப் பாடுவார்கள். அவர்கள் பாடுவது ஒவ்வொன்றும் ஒரு பக்குவம். சுவருக்கு வேண்டிய சாந்து, வாசலுக்கு வேண்டிய பூட்டு, காயத்துக்குக் கட்ட வேண்டிய பசை என்று, பாட்டைக் கேட்டபடியே அடுக்களைக்காரர்கள் ஆக்கி இறக்குவார்கள்.

ஆனால் அந்த நீளப்பாட்டில் பக்குவம் என்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் சொல்லில்லாத வெறும் முனகல். அந்த முனகலிலிருந்தும் ஆட்கள் பிறந்து வந்தார்கள். சிலர் விரல் நீளம்கூட இருக்கமாட்டார்கள். சிலர் வாசல்நிலை இடிக்கிற உயரம். குட்டையோ நெட்டையோ, ஒருவருக்கும் ஒரு பக்குவமும் தெரியாது. அடுக்களைக்கு வருவார்கள், பாடகர்களின் அருகில் ஒண்டி உட்காருவார்கள், அவ்வளவுதான். ஊரார் அவர்களுக்குச் சும்மாக்கள் என்று பெயர் வைத்தார்கள்.

"எங்க வீட்லயும் ஒரு கூட்டம் இருக்கு மதினி" என்பாள் பக்கத்து வீட்டு ஆவுடை. "எங்க அம்மா வீட்லயும் இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்ருதேன்."

"நீ விடுவ. எனக்கு வயிறு எரியுது" என்பாள் பூரணி.

ஒருநாள் ஆற்றில் விஷம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கீழக்கரை முழுக்கக் கருகிப்போனது. ஆவுடையின் உடன்பிறந்தவள் வீடு உட்பட வரிசை வரிசையாக வீடுகள் விழுந்தன. உடம்பே ஆடிப்போயிற்று. மிஞ்சிய வீடுகள் எல்லாம் ஆளுக்கொரு மகளைப் பெற்றுக் கீழக்கரையை நிரப்ப வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. பூரணிக்கு அது முதல் மகள். பெயர்கூட யோசித்து வைத்துவிட்டாள், தளிர்மணி என்று.

அன்றிலிருந்து அவள் அடுக்களையில், மகளைப் பெறுவதற்காக வீட்டை வளரவைக்கிற வளர்பாட்டு ஒன்றுதான். வளர்பாட்டைப் பாடுகிறவனுக்குத் தொண்டை வற்றாமல் பார்த்துக்கொண்டாள். இன்னும், இன்னும் என்று அடுப்பைத் தூண்டினாள். அப்போதுதான் ஒருநாள் பாட்டு சட்டென்று நின்றது. அடுக்களைக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பூரணி ஓடிவந்து பார்த்தால், பாடகன் தோளில் ஒரு குட்டைச் சும்மா ஏறி உட்கார்ந்து அவன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறான். துணுக்கன் என்று அவனுக்குப் பெயர்.

"ஏலே, என்ன செய்யுத அங்க?" என்று கத்தினாள் பூரணி.

"சும்மா இருன்னு சொல்லுதேன் தாயி" என்றான் துணுக்கன்.

பாடகனைத்தான் அவன் சொன்னான். அமைதியாக இரு, ஆக்கியது போதும், அடுப்பு ஆறட்டும் என்பது அவன் பொருள். குட்டையர் வாயில் எப்போதும் வருகிற சொல் அது. அந்தச் சொல்லை வைத்துத்தான் ஊரார் அவர்களுக்குப் பெயரும் இட்டிருந்தார்கள். ஆனால் பெயரிட்டவர்கள் ஒருவரும் அது என்ன சொல் என்று நின்று கேட்டதில்லை. வேலையற்றவன் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பூரணிக்கோ அது மூன்றாவது விதமாகக் காதில் விழுந்தது.

"என்னையவா சும்மா இருன்னு சொல்லுத? என் வீட்ல ஒண்டிக்கிட்டு, ஒரு துரும்பை நகத்தாம, என்னையே வாயை மூடுங்கியா?"

"இல்ல தாயி, பாட்டை…"

"பேசாத! வெளிய போ. நீ மட்டுமில்ல, உன் கூட்டமே போகணும். நெட்டை குட்டை ஒண்ணும் என் வீட்ல இருக்கக் கூடாது."

ஆற்றுப் பக்கம் இருந்த புறவாசலைத் திறந்துவிட்டாள். சும்மாக்கள் சண்டை போடவில்லை. குட்டையர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். துணுக்கன் மட்டும் படியில் நின்று ஒருமுறை அடுப்பைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவனும் ஆற்றில் இறங்கிவிட்டான். வளர்பாட்டு மறுபடியும் தொடங்கியது.

அதோடு விட்டிருந்தால்கூட ஊர் தப்பித்திருக்கும். தாயறையில் முனகல் இருக்கும்வரை சும்மாக்கள் திரும்பத் திரும்பப் பிறந்துகொண்டுதானே இருப்பார்கள்? பூரணி வீட்டிலும் சில நாளில் புதிதாகப் பிறந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

மகளுக்குத் தனி வீடு வைத்துக் கொடுக்கும்போது ஒரு முறை உண்டு. தாய் தன் நீளப்பாட்டு முழுவதையும், ஓர் இழுவைகூட விடாமல், மகளுக்குப் பாடிக் காட்ட வேண்டும். மகள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். பிறகுதான் இருவருக்கும் நடுவே சுவர் எழும்பும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடந்து வந்தது. தளிர்மணி பிறந்ததும் பூரணியும் பாடிக்கொண்டு வந்தாள். பக்குவங்களைப் பாடினாள். முனகல் வந்தது, அதையும் முனகினாள். துணுக்கன் பிறந்த இடத்து முனகல் வந்தபோது நிறுத்தினாள்.

'இந்தத் தண்டக்கூட்டம் என்னோட போகட்டும். எம்மகளாவது தொந்தரவில்லாமப் பிழைக்கட்டும்' என்று நினைத்தாள்.

அந்த முனகலைத் தாண்டி அடுத்த பக்குவத்துக்குப் போனாள். குழந்தை அதை அப்படியே திருப்பிப் பாடியது. சுவர் எழும்பியது. யாரும் கவனிக்கவில்லை. பாசத்தில் செய்ததுதான், அதை மறுக்க முடியாது.

தளிர்மணி கீழக்கரையில் வீடு போட்டாள். என்ன வேகம்! ஊரே மூக்கில் விரல் வைத்தது. மற்ற மகள்கள் அடுப்புக் கூட்டுவதற்குள் தளிர்மணிக்கு மகள்கள் பிறந்துவிட்டார்கள். அந்த மகள்களுக்கும் மகள்கள். கருகிய இடமெல்லாம் நிரம்பியது. பூரணிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா ஆவுடை, எம்மகளை?"

"பாத்தேன் மதினி. நல்லாத்தான் இருக்கா" என்றாள் ஆவுடை. அப்போதே அவள் குரலில் சுரத்தில்லை.

கீழக்கரை நிரம்பிய பிறகும் தளிர்மணி நிற்கவில்லை. வீட்டின் மேல் வீடாக ஏற்றினாள். ஆற்றிலிருந்து தன் பக்கம் மட்டும் புதுக் கால்வாய்கள் வெட்டிக்கொண்டாள். மற்ற வீடுகளுக்கு வர வேண்டிய சாப்பாடு அந்தக் கால்வாய்களில் போயிற்று. ஊர்க்காவலர்கள் வந்து பார்த்தார்கள். முகம் பூரணியின் முகம், பேச்சு ஈரல் பேச்சு. நம்ம வீட்டுப் பெண்தானே என்று திரும்பிவிட்டார்கள். ஒரு காலையில் ஆவுடை வந்து பூரணியின் வாசலில் நின்றாள். அவள் மெலிந்து பாதியாகியிருந்தாள்.

"மதினி, எங்க வீட்டுச் சுவத்துல உம்மக சுவர் ஏறி நிக்குது. அடுப்புப் பத்தவைக்க இடமில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பூரணி அன்றே புறப்பட்டுப் போனாள். மகளின் வீடுகளுக்கு நடுவே வழி கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. உள்ளே போனால், அடுக்களையில் வளர்பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பாடகனின் கண்கள் செருகியிருந்தன. அடுக்களைக்காரர்கள் உட்கார நேரமில்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். தளிர்மணி அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"போதும்ட்டி" என்றாள் பூரணி. "ஊர் தாங்காது. நிப்பாட்டு."

"எதைம்மா?"

"வளர்றதை. போதும்."

 தளிர்மணி குழந்தைபோல் கேட்டாள்: "போதும்னா என்னம்மா?"

பூரணி மகளின் தாயறைப் பக்கம் காதைத் திருப்பினாள்.

"நீ பாடிக்கொடுத்ததுல அது இல்லையேம்மா" என்றாள் தளிர்மணி. "எல்லாத்தையும் பாடிப் பாத்துட்டேன். எனக்கும் களைப்பா இருக்கு. நிப்பாட்ட ஒரு பாட்டும் இல்ல."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து பூரணி அழுதாள். யாரைக் குற்றம் சொல்ல முடியும்? அழுதுகொண்டே விட்டுப்போன முனகலை மகளுக்கு முனகிக் காட்டினாள். தளிர்மணியும் கூடவே முனகப் பார்த்தாள். வரவில்லை. சுவர் எழும்புமுன் பாட்டில் சேராதது பிறகு சேராது. அவள் மகள்களும் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் சிலர் அப்போதே ஆற்றில் இறங்கி, நுரையீரல் என்கிற ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே காற்று நன்றாயிருக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

பூரணி வீட்டுக்குத் திரும்பினாள். தன் தாயறையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த அந்த முனகலைத் தேடிப் பிடித்து, வேறு எந்தப் பாட்டும் பாடாமல், அதையே முனகினாள். குட்டைச் சும்மாக்கள் பிறந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் எதிரே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"அய்யா, உங்களை இன்னாருன்னு தெரியாமப் போச்சு. எம்பேத்திமாரு ஆத்தோட போறாங்க. எந்த ஊருன்னு தெரியாது. போயி அவங்க தோள்ல ஏறிச் சொல்லுங்க."

"சொல்லுதோம் தாயி" என்றார்கள் அவர்கள்.

தண்ணீரில் கரைந்துவிடாமல் இருக்க அவர்களை எண்ணெய்த் தோலில் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி ஆற்றில் விட்டாள். விட விட அவள் வீடு தளர்ந்தது. ஆவுடை வந்து தடுத்துப் பார்த்தாள். பூரணி கேட்கவில்லை. கடைசிப் பொட்டலம் போனதும் அவளே அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். சுவர்கள் உள்வாங்கின. பூரணியின் வீடு இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

பொட்டலங்களில் சில, பேத்திகளின் வாசலைச் சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் பாட்டு நின்றது, அடுப்பு ஆறியது. பல பொட்டலங்கள் வழி தெரியாமல் ஆற்றிலேயே சுற்றின. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பூரணி முதலில் விரட்டிவிட்டாளே, அந்தக் கூட்டத்தில் நெட்டையர் சிலர் அவமானத்தை மறக்கவில்லை. அவர்கள் தளிர்மணியின் வீட்டு ஜன்னலில் போய் நின்றுகொண்டு, "இன்னும் பாடு, இன்னும் பாடு" என்று ஊதிக்கொடுத்தார்கள். ஆகவே ஆற்றில் மிதக்கிற சும்மாவைப் பார்த்ததும் நல்லவன் என்று கட்டிக்கொள்ளவும் முடியாது, கெட்டவன் என்று தள்ளவும் முடியாது.

காலம் போயிற்று. வீடுகள் பேசுவதை நிறுத்தின. தளிர்மணியின் வம்சத்துக்கு மனிதர்கள் புற்றுநோய் என்று பெயர் வைத்தார்கள். அதை ஆராய்கிறவர்கள் வந்தார்கள். தாயறையின் பாட்டை, இன்றைக்கு டி.என்.ஏ. என்கிறோமே, அதை அவர்களும் கேட்டார்கள். பக்குவங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மீதியைக் குப்பை என்று வெகுகாலம் ஒதுக்கியும் வைத்தார்கள். படித்தவர்களுக்கும் பூரணியின் அவசரம்தான். பிறகு நோய் வந்த வீடுகளையும் வராத வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தப் பாட்டை முதலிலிருந்து பொறுமையாகக் கேட்டபோதுதான், ஓரிடத்தில் முனகல் அறுபட்டிருப்பது அவர்கள் காதில் விழுந்தது. சும்மாக்களை, பக்குவம் சொல்லாதவர்கள் என்ற பொருளில், குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்று இப்போது மரியாதையாக அழைக்கிறார்கள்.

பூரணி ஆற்றில் விட்ட அன்று முதல்தான், நம் இரத்தத்தில் அந்தச் சின்னஞ்சிறு பொட்டலங்கள் ஓய்வில்லாமல் அலைகின்றன. புற்றுநோயை ஆராய்கிறவர்கள் ஒரு சொட்டு இரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் இருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும், யார் வீட்டிலிருந்து வருகிறாய், எந்தப் பிள்ளையைத் தேடிப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.