மணி அடிக்கும்

“குருவம்மா, இந்த மடத்துல ஒண்ணு அது இருக்கட்டும். இல்லைன்னா, நான் இருக்கேன்.”

சொல்லிவிட்டு நின்றார் வடமலை. நரைத்த சீடர். குரு அவரைவிட வயதில் சின்னவள். அவருக்குப் பின்னால் மலையேறி வந்தவள், அவருக்கு முன்னால் குருவாகிவிட்டாள். அந்த வருத்தம் அவருக்குள் ஆறாமல் கிடந்தது.

மலையடியில் இருக்கும் ஏரி தெரியவில்லை. மடமே பாதிதான் தெரிந்தது. பனி வாசல்வரை வந்து உட்கார்ந்திருந்தது.

“அதுன்னா எது?” என்றாள் குரு.

“புதுசா வந்திருக்கே, அந்த ஏஐதான். சுத்த மக்கு.”

அந்த ஏவலாளுக்குக் கண் இல்லை. பழக்கமும் இல்லை. மடத்தின் ஒவ்வொரு கருவிக்கும் கணினியில் எழுதி வைத்த விளக்கத்தைப் படிக்கும். அதைக் கொண்டு எதை இயக்குவது என்று தானே முடிவு செய்யும். விளக்கம் எழுதும் வேலை வடமலையுடையது.

மடத்தில் இரண்டு மணி. பெரிய மணி கேட்டால் அக்கரையிலிருந்து படகு கிளம்பாது. சின்ன மணி கேட்டால் கஞ்சி தயார்.

அன்று விடியற்காலைப் பனியில், “படகு கிளம்ப வேண்டாம்னு எச்சரி” என்று குரு சொன்னாள். ஏஐ சின்ன மணியை அடித்தது.

கஞ்சி ஆறிவிடுமே என்று படகுக்கார எசக்கி வேகமாகத் துடுப்புப் போட்டார். பாறையில் மோதினார். அரிசி மூட்டை ஏரிக்குள் போனது. அவருக்கு நெற்றி கிழிந்தது.

‘இந்தத் தப்பைச் செஞ்சது யாரோ, அது இங்க இருக்கிறவரைக்கும் என் படகு வராது’ என்று சொல்லிவிட்டு, மடத்துக்குள் படுத்திருந்தார். படகு வராவிட்டால் மலையில் அடுப்பு எரியாது.

“பெரிய மணிக்கு என்ன எழுதினீங்க அண்ணே?” என்று கேட்டாள் குரு.

“மணி அடிக்கும்.”

“சின்ன மணிக்கு?”

“அதுவும் மணிதானே? மணி அடிக்கும்.”

குரு சிரிக்கவில்லை.

“எந்த மணி எதுக்குன்னு இந்த மலையில கழுதைக்குக்கூடத் தெரியும்” என்றார் வடமலை. “அதை வேற எழுதணுமாக்கும்?”

“எசக்கிக்கு மருந்து போடணும். வாங்க.”

அவள் பனிக்குள் நடந்தாள். காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போனார். குருமார் மட்டும் நுழையும் அறை ஒன்று பனியிலிருந்து மெல்ல எழுந்து வந்தது. இத்தனை வருஷத்தில் வடமலை அதற்குள் கால் வைத்ததில்லை.

உள்ளே இரண்டு ஜாடி. பழைய குருவின் கையெழுத்து. ஒன்றில் ‘பொடி’ என்று இருந்தது. மற்றதிலும் ‘பொடி’ என்றே இருந்தது.

“காயத்துக்கு எடுங்க.”

முகர்ந்து பார்த்தார். இரண்டிலும் மழை வாசம்.

“இதுல எது?”

“ஒண்ணு புண்ணை ஆத்தும். ஒண்ணு எலிக்கு வைக்கிறது.”

அவர் கை தானாகப் பின்னால் போனது.

“எது எதுன்னு எழுதலையே!”

“எழுதின பெரியவருக்குத்தான் தெரியுமே. அதை வேற எழுதணுமா?”

வடமலைக்கு முகம் சிவந்தது.

“அந்த மனுஷன் அப்படித்தான்! நான் வந்த புதுசுல ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருப்பாரா? தப்பாச் செஞ்சா மக்குன்னு ஏசுவாரு. போய்க் கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு அதுக்கும் ஏசுவாரு. கேக்கவே பயந்துபோய், தோணினதைச் செஞ்சு…”

அவர் கண் ஜாடிகளில் இருந்த ‘பொடி’க்குத் திரும்பியது.

குரு புண்ணாற்றும் ஜாடியை எடுத்துக்கொண்டு பனிக்குள் மறைந்தாள்.

வடமலை கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். மணிக்கு எழுதியிருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

நெற்றியில் கட்டோடு எசக்கி வந்து நின்றார்.

“என்ன வேய், யாரு மலை இறங்குறது? நீரா, அதுவா?”

வடமலை திரையை அவர் பக்கம் திருப்பினார். எசக்கி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

“பெரிய மணி. பனி இறங்கினாலோ காற்று மாறினாலோ இதை அடிக்க வேண்டும். கேட்டால் படகு கிளம்பாது. கஞ்சிக்கு இதை அடிக்கக் கூடாது, அதற்குச் சின்ன மணி இருக்கிறது.”

தலையை ஆட்டினார்.

“சரி, நாளைக்கு அரிசி வரும்.” பிறகு கண்ணைச் சுருக்கினார். “கீழ இன்னும் ஒரு வரி கிடக்கே. இதுவுமா மணிக்கு?”

“படிச்சுப் பாரும்” என்றார் வடமலை. எசக்கி அதையும் படித்தார்.

“எதை அடிப்பது என்று சந்தேகம் வந்தால், கேள். கேட்டதற்காக இங்கே யாரும் உன்னை ஏச மாட்டார்கள்.”