சபையில் கண்ட மப்பு

முன்னொரு காலத்தில், வானம் கழுவிக் கவிழ்த்த சட்டிபோல் மூன்று வருஷம் கிடந்த காலத்தில், ஒரு ராஜாவுக்கு விதைநெல் மேல் அக்கறை வந்தது. "மப்பு காணும் நாளில் களஞ்சியம் திறக்கப்படும்" என்று ஓலை எழுதி முத்திரை வைத்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மேகம் கூடுமுன் நெல்லைக் கொடுத்தால் ஜனங்கள் விதைக்காமல் தின்றுவிடுவார்கள் என்பது மந்திரி சிங்கராயர் சொன்ன யோசனை. தின்னத்தான் கேட்கிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

களஞ்சிய வாசலில் ஊரே காத்துக் கிடந்தது. அரண்மனை விகடன் குப்பாண்டியின் அண்ணனும் அங்கேதான் கிடந்தார். குப்பாண்டி அரண்மனைச் சோற்றை மடியில் கட்டிக்கொண்டு போனால், அவர் அதைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உருட்டிக் கொடுத்துவிடுவார். எட்டாம் நாள் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை.

குப்பாண்டி நேரே சபைக்குப் போய், மப்பு கண்டேன் என்றான். சிங்கராயர் சாளரத்தில் எட்டிப் பார்த்தார். வெயில் பல்லைக் காட்டியது. அவருக்குப் பரம சந்தோஷம்.

"பொய்யென்றால் தலை போகும். சம்மதமா?"

"சம்மதம், மந்திரியாரே. ஆனால் வானத்தை ஏன் பார்க்கிறீர்கள்? ஓலையில் மப்பு என்றுதானே இருக்கிறது."

ஓலையைப் பிரித்துப் படித்தார்கள். வானம் என்ற சொல் அதில் இல்லைதான்.

"உச்சிவேளையில் தளவாய் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அது கள் மப்பு. மந்திரியாருக்கு இருப்பது பதவி மப்பு. விருந்து செரிக்காமல் வயிறு மப்பாக இருக்கிறது என்று மகாராஜாவே காலையில் திருவாய் மலர்ந்தீர்கள். சபை முழுக்க மூட்டம், பிரபு. ஊரில் மட்டும்தான் வெயில்."

ராஜா சிரித்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சபையும் சிரித்தது. சிங்கராயரும் கொஞ்சம் சிரித்து வைத்தார். குப்பாண்டிக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. ராணி கேட்க வேண்டாமா என்று அவளை வரவழைத்து, மறுபடி சொல்லச் சொன்னார் ராஜா. பிறகு ராணியின் தமையன் வந்தார். அவருக்கும் ஒருதரம். சாவி இடுப்பிலேயே இருந்தது. குப்பாண்டி முகம் மாறாமல் ஒவ்வொரு தரமும் தூணைக் கட்டிக் காட்டினான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் களஞ்சியம் திறந்தது. அண்ணன் பங்கு நெல்லைக் குத்தியதில் வாய்க்கரிசிக்கு ஆயிற்று.

மறுநாள் ராஜா சால்வை எங்கே என்று கேட்டார்.

"அண்ணன் போர்த்திக்கொண்டு போயிருக்கிறார், மகாராஜா."

"எங்கே?"

"மேலே. மப்பு உண்டா என்று பார்த்துவர."

ராஜா விழுந்து விழுந்து சிரித்து, இன்னொரு பட்டுக் கொடுத்தார். ஊரில் அதற்கும் ஆள் இருந்தது.