ஆறு மரக்கால் நெல்லும் ஒரு தங்கக் குடையும்

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ராஜா தலைக்கு மேல் குடை பிடித்தே ஆகவேண்டும் என்றிருந்த காலத்தில், செம்பாறை நாட்டை இளங்கோமான் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷன்தான். காலையில் ஒன்று நினைப்பார், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று நினைப்பார், அவ்வளவே.

அந்த நாட்டில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள். ‘லாபம்’ என்று மங்கலமாகச் சொல்லிவிட்டு, அடுத்ததை ‘இரண்டு’ என்பார்கள். களஞ்சிய அதிகாரி வீரசிகாமணி தன் மைத்துனனை வெளிநாட்டிலிருந்து கூட்டிவந்து வரி நெல் அளக்க வைத்தார். அவன் ‘லாபம்’ என்பதை ஏதோ சாமி கும்பிடுவது என்று நினைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த மரக்காலிலிருந்துதான் ‘ஒன்று’ என்று ஆரம்பித்தான். இப்படியே மூன்று வருஷம், வருஷத்துக்கு இரண்டு அறுவடை, ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் கூடுதலாகப் போயிற்று.

ஒருநாள் களத்துப் பக்கம் போன மந்திரி அந்த எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு ராஜாவிடம் சொன்னார். ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதிகம் வாங்கிய நெல்லையெல்லாம் திருப்பிக் கொடுக்க உத்தரவு போட்டார்.

மைத்துனனால் தலைகுனிந்த வீரசிகாமணி சும்மா இருப்பாரா? குடிகள் எதிர்பாராமல் வந்த நெல்லைச் சண்டை போட்டே தீர்த்துவிடுவார்கள், அதற்குப் பதில் அதை விற்று மகாராஜாவுக்கு ஒரு தங்கக் குடை செய்யலாமே என்றார். சபை மொத்தமும் ஆமாம் என்றது. ராஜாவின் மனமும் குடைப் பக்கம் சாய்ந்தது. மந்திரி இடையில் புகுந்து கெஞ்ச, கடைசியில் ஒரு பந்தயமாக முடிந்தது. ஏதாவது ஒரு வீட்டைச் சோதிப்பது. தங்களுக்கு வரும் நெல்லை என்ன செய்வது என்று அடுத்த பௌர்ணமிக்குள் அந்த வீட்டார் ஒரே பேச்சாக ஒரு முடிவு சொன்னால் நாட்டுக்கே நெல் திரும்பும், இல்லாவிட்டால் குடை.

வீட்டைத் தேர்ந்தெடுத்தது வீரசிகாமணி. தேடிப் பிடித்தது காளத்தி, பூங்காவனம் தம்பதியை. கஞ்சிக்கு உப்புப் போடுவதற்கே ஊரைக் கூட்டும் ஜோடி.

அவர்களுக்கு வரவேண்டியது ஆறு மரக்கால். போன வருஷம் வரி கட்ட நெல் போதாமல் பூங்காவனம் தன் தாய்வீட்டு வெண்கலப் பானையை விற்றிருந்தாள். அந்தப் பானையை மீட்க வேண்டும் என்றான் காளத்தி. வெறும் பானையை வைத்து என்ன பண்ண, பெட்டையாட்டுக் குட்டி ஒன்று வாங்கலாம் என்றாள் அவள். ஊரே வாசலில் வந்து நின்று, தயவுசெய்து ஒத்துப்போங்கள் என்று கேட்டுக்கொண்டது. காளத்திக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாயால் நாட்டு நெல்லே போகப்போகிறதே என்று பயந்து, ஆடே வாங்கலாம் என்று இறங்கிவந்தான். அவளும் அதே பயத்தில் பானைக்கு இறங்கிவந்திருந்தாள். பிறகு யார் விட்டுக்கொடுப்பது என்று புதுச் சண்டை ஆரம்பித்தது.

பௌர்ணமியன்று இருவரும் சபையில் வந்து நின்றார்கள். என்ன முடிவு என்று ராஜா கேட்டார்.

“பானைங்க” என்றாள் அவள். “ஆடுங்க” என்றான் அவன்.

வீரசிகாமணி மீசையைத் தடவிக்கொண்டார். காளத்திக்கு நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. பூங்காவனமோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டாள்.

“மகாராஜா, குடை செய்யறதுன்னு இங்க எத்தனை நாள் பேசி முடிவு பண்ணாங்க?”

“நாளா? வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.”

“அப்ப அதே குடைய இந்த ஐயாமாருங்க வீட்டு நெல்லுல செய்யச் சொல்லிப் பாருங்க சாமி.”

ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர். அப்படியே ஆகட்டும் என்றார். உடனே வீரசிகாமணி, வெயிலுக்குத் தங்கம் சுடும், வெள்ளியே போதும் என்றார். வெள்ளி எதற்கு, பட்டுக்குடைதான் அழகு என்றார் சேனாதிபதி. பனையோலைக் குடைக்கு ஈடு உண்டா என்றார் புரோகிதர். யார் எவ்வளவு போடுவது என்று வந்தபோது தலைப்பாகைகள் உருண்டன. உச்சிப்பொழுது வரை ஓயவில்லை.

“பாத்தீங்களா மகாராஜா” என்றாள் பூங்காவனம். “அடுத்தவங்க நெல்லுன்னா நொடியில ஒத்துமை வந்துடுது. சொந்த நெல்லுன்னாத்தான் சண்டை வருது. நாங்க ஒரு மாசமா சண்டை போடறோம். அந்த நெல்லு யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மந்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ராஜா பொத்தாமலே சிரித்தார். காளத்தி தன் பெண்டாட்டியை, கல்யாணத்தன்று பார்த்த மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான்.

நாட்டு நெல் முழுக்கத் திரும்பியது. வீரசிகாமணியே வீடு வீடாகப் போய், முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்று தெரு கேட்கச் சொல்லி அளந்து கொடுக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. பூங்காவனத்துக்கு மட்டும் ஆறு மரக்காலோடு ஓர் ஆட்டுக்குட்டியும் அவர் செலவில் தரவேண்டும்.

அந்த நெல்லைக் கொடுத்துக் காளத்தி பானையை மீட்டுவந்தான். இரண்டும் வீட்டுக்கு வந்த அன்று ராஜாவே அந்தத் தெரு வழியாகப் போனார். உள்ளே ஒரே சத்தம். ஆட்டை முற்றத்தில் கட்டுவதா, மாட்டுக் கொட்டிலில் கட்டுவதா என்று ஆரம்பித்திருந்தார்கள். சேவகன் அதட்டப் போனான். ராஜா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விடப்பா. அவர்கள் ஆடு” என்றார்.