பொடி விளம்பரம் ஒட்டிய வண்டி

கூரியர் வைத்திலிங்கம் அன்னதானக் கூடத்துக்குள் வந்தபோது தயாபரி அம்மா பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். வைத்திலிங்கம் அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அவரைத்தான் குருவாக வரித்திருந்தார். ஞாயிறுதோறும் வந்து பந்தியில் பரிமாறுவார்.

அன்று ஞாயிறு இல்லை.

"உட்காருங்க ஐயா" என்றார் அம்மா.

அவர் உட்காரவில்லை. "ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"என் வண்டியில விளம்பரம் ஒட்டியிருந்தது உங்களுக்குத் தெரியும்."

ஊருக்கே தெரியும். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்த பார்சல் பெட்டியில் மூன்று பக்கமும் ஒரு பொடி டப்பாவின் படம். 'சர்க்கரை நோயா? மாத்திரைக்கு விடை கொடுங்கள்' என்று கொட்டை எழுத்து. அதை ஒட்டிக்கொண்டு சுற்றினால் பெட்ரோல் செலவு பொடிக் கம்பெனியுடையது.

"இட்லிக் கடை அஞ்சலாட்சி அதைப் பார்த்துப் பொடி வாங்கியிருக்கு. மாத்திரையை நிறுத்திடுச்சு. கால்ல புண்ணு வந்து ஆறவே இல்லை. போன வாரம் முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க."

அரிவாள்மணையில் அம்மாவின் கை நின்றது.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். திட்டும்னு நெனச்சேன். திட்டலை. 'தினமும் நம்ம கடையில சாப்பிடுற அண்ணன், கெட்டதைச் சுமந்துக்கிட்டு வரமாட்டாருன்னு நம்பிட்டேன்'னு சொல்லுச்சு. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிச்சு."

வைத்திலிங்கம் வாசலில் நின்ற வண்டியைக் காட்டினார்.

"ஸ்டிக்கரையெல்லாம் சுரண்டி எடுத்துட்டேன். நான் பொடி செய்யலை, விக்கலை. வாங்குங்கன்னு யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வண்டிதான் ஓட்டினேன். இந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டாம்மா?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கும் சர்க்கரை இருக்கில்ல?"

"இருக்கும்மா. பத்து வருஷமா."

"அந்தப் பொடியைச் சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"சும்மாவே கொடுத்திருப்பாங்களே."

"கொடுத்தாங்க. ரெண்டு டப்பா. பிரிக்கவே இல்லை."

"ஏன்?"

"நம்பிக்கை வரலை. மாத்திரையை நான் ஒரு வேளைகூட விட்டதில்லை."

"மாத்திரையை எங்க வச்சுப் போடுவீங்க?"

"வீட்டிலேயே போட்டுக்கிட்டுத்தான் கிளம்புவேன்."

"நீங்க மாத்திரை போடுறது அஞ்சலாட்சிக்குத் தெரியுமா?"

வைத்திலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

சமையல் கட்டில் உலை கொதிக்கும் சத்தம் கேட்டது.

"இப்போ நான் என்னம்மா செய்யணும்?"

"எந்தெந்தத் தெருவுக்குப் பார்சல் கொண்டுபோனீங்களோ, அங்கெல்லாம் போங்க. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொல்லுங்க."

"என்னன்னு?"

"நான் அதைச் சாப்பிடலைன்னு."

வைத்திலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "எட்டு மாசம் சுத்தியிருக்கேன். சிக்னல்ல, பஸ் ஸ்டாண்டுல பார்த்தவங்க எத்தனையோ பேர். எல்லாரையும் எப்படித் தேடிப் பிடிக்கிறது?"

"முடியாது" என்றார் அம்மா. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இந்நேரம் யாரோ ஒருத்தர் மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு, போடலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருப்பாங்க. குடிச்சிட்டுக் கிளம்புங்க ஐயா."