ஒன்பது பேய்களும் முப்பத்தொரு பெரியவர்களும்

பெருந்துறை ரோட்டில், ஒரு வளைவு தாண்டினால், பொன்மலர் அபார்ட்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. பதினாறு வீடு. முட்டாள்கள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதினாறு வீட்டுக்கும் ஜாதகம் பார்த்துக் குடிவைத்த மாதிரி அமைவது எல்லா ஊருக்கும் வாய்க்காது. அப்பேர்ப்பட்ட அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளர் நம்ம திருஞானம். பேரிலாவது ஞானம் இருக்கட்டும் என்று பெற்றவர்கள் வைத்தார்கள். ஞானமும் சொன்ன பேச்சைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டது.

திருஞானத்துக்கு ஒரே மகள், நிறைமதி. எட்டு வயசு. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலை செருகின வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பார்களா? முறுக்கு இல்லை, அதிரசம் இல்லை, பட்டாசும் இல்லை. ஊரெல்லாம் வெடித்துக்கொண்டிருக்க, பிள்ளை இளநீரைக் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது. பெற்ற மனசு பொறுக்குமா? திருஞானம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தார்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றின அன்றைக்கு நிறைமதி கேட்டாள். "அப்பா, மாசக் கடைசியில எங்க கிளாஸ் பிள்ளைங்கெல்லாம் அவங்க அபார்ட்மென்ட்ல பேய் வேஷம் போட்டு வீடு வீடாப் போவாங்களாம். பெல் அடிச்சா மிட்டாய் குடுப்பாங்களாம். ஹாலோவீன்னு பேரு. நம்ம அபார்ட்மென்ட்லயும் வைக்கலாமா?"

"வைக்கலாம் சாமி. உம் பை நிறையாம அன்னிக்கு நீ தூங்கப் போகமாட்டே. இது அப்பா வாக்கு" என்றார் திருஞானம்.

வாக்குக் கொடுப்பது சுலபம். பொன்மலரில் பொதுக்குழுவைக் கூட்டுவதுதான் பாடு.

கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாம் மாடி துளசிமணி அம்மாள்தான் முதலில் எழுந்தார். "ஏனுங்க, அன்னிக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வெச்ச நேரத்துல பேய் உள்ள வந்தா லட்சுமி எப்படிங்க வருவா?"

சபை யோசித்தது. தலைவர் சாமியப்பன் தொண்டையைச் செருமினார். "பேய் குளிச்சுப் பொட்டு வெச்சுட்டு வரட்டும். செருப்பை வெளிய விடட்டும். அப்புறம் லட்சுமிக்கு என்ன ஆட்சேபணை?" எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தது பூசணிக்காய். வாசலில் பூசணிக்காய் வைப்பதுதான் வழக்கம் என்று நிறைமதி சொல்லியிருந்தாள். "அதெப்படிங்க?" என்றார் துளசிமணி. "பேய் பிசாசு அண்டக்கூடாதுன்னுதானே நாம பூசணிக்காய் கட்டறோம்? அதையே வெச்சு வான்னு கூப்பிட்டா, அது வருமா போகுமா? பேய் குழம்பிப் போயிராதா?"

இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் காயை இரண்டாக வெட்டி, ஒரு பாதி விரட்ட, ஒரு பாதி அழைக்க என்று தீர்மானம் போட்டார்கள். வெட்டின காய் வீணாகக் கூடாது என்று துளசிமணி அன்று ராத்திரியே இரண்டு பாதியையும் கூட்டு வைத்துவிட்டார். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மிட்டாய் கொடுக்காத வீட்டில் குழந்தைகள் குறும்பு செய்யலாம் என்று ஹாலோவீனில் ஒரு சட்டம் இருக்கிறதல்லவா? "என்ன குறும்புன்னு முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். நாம சங்கம் வெச்சிருக்கறோமுங்க, சந்தைக்கடை இல்லை" என்றார் சாமியப்பன். பெல் அடித்துவிட்டு ஓடுவோம் என்று ஒன்பது குழந்தைகளும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

எதிர்ப்பு என்று வந்தது ஒரே ஆள்தான். முதல் மாடியில் தனியாக இருக்கும் மகுடேசுவரன், ஓய்வு பெற்ற சூப்பரிண்டெண்ட். "வீடு வீடாப் போய்க் கை நீட்டறது என்ன பழக்கமுங்க? மார்கழியில பஜனைக்காரங்க வர்றாங்கன்னா பாடறாங்க. இதுங்க மிரட்டுதுங்க! நான் எதிர்க்கிறேன். கடைசி வரைக்கும் எதிர்ப்பேன்."

அவருக்காகச் சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்தார் திருஞானம்: 'விருப்பம் இல்லாதவர்கள் கதவைத் திறக்க வேண்டாம்.' பிள்ளைகள் படியில் தடுக்கி விழக்கூடாதே என்று இன்னொரு வரியும் சேர்த்தார்: 'பெரியவர்கள் அனைவரும் குழந்தைகளுடன் கட்டாயம் செல்ல வேண்டும். விதிவிலக்கு இல்லை.' எழுதி முடித்துத் தானே படித்துப் பார்த்து, தன் தமிழைத் தானே மெச்சிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. சாயங்காலம் ஆறு மணி. வெள்ளைப் போர்வையில் கண்ணுக்கு ஓட்டை போட்டு, அதற்கு மேலே குங்குமப் பொட்டு வைத்து, ஒன்பது பேய்கள் கீழே வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் பதினைந்து வீட்டுப் பெரியவர்கள், முப்பத்தொரு பேர். பிள்ளையே இல்லாதவர்களும் வந்திருந்தார்கள், விதிவிலக்கு இல்லையே! எல்லோரும் வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார்கள்.

முதல் வீட்டில் பெல் அடித்தார்கள். திறக்கவில்லை. இரண்டாவது வீடும் அப்படியே. மூன்றாவது வீட்டில் சாமியப்பனே கதவைத் தட்டினார். "உள்ள யாருங்க? பிள்ளைங்க வந்து நிக்குதுங்க!"

"தலைவரே, இது உங்க வீடு" என்றார் துளசிமணி.

"யார் வீடா இருந்தா என்னம்மா? பிள்ளைங்க வந்து நின்னா எந்திரிச்சு வந்து திறக்கற மரியாதை வேண்டாமா?" சாமியப்பனுக்கு உண்மையிலேயே கோபம்.

கொடுக்காத வீட்டில் குறும்பு செய்ய வேண்டும் என்று விதி. ஒன்பது பேய்களும் பெல்லை அடித்துவிட்டு ஓடின. பெரியவர்கள் கூடவே போகவேண்டும் அல்லவா? முப்பத்தொரு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சிரைக்கப் படியில் இறங்கி ஓடினார்கள். பிறகு அடுத்த வீட்டுக்கு ஏறினார்கள். அடித்தார்கள். ஓடினார்கள். துளசிமணி தன் வீட்டு பெல்லை அடித்துவிட்டு ஓடும்போது, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

மகுடேசுவரன் வீட்டில் மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "எதிர்ப்பு! திறக்கமாட்டேன்!"

"இவரு எவ்வளவோ தேவலை, பதிலாச்சும் சொல்றாரு" என்று கூட்டம் மெச்சியது.

பதினாறு வீடும் முடிந்தது. நிறைமதி பையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு பொரிகூட இல்லை. "அப்பா, நீங்க சொன்னீங்களே…" என்றாள். உதடு துடித்தது. திருஞானம் அந்தக் காலிப் பைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். அம்மை போட்ட பிள்ளையை இரண்டாம் தடவையும் ஏமாற்றிவிட்டோமே!

"இந்த அபார்ட்மென்ட்ல மனுசனே இல்லீங்களா? கல் நெஞ்சக்காரங்களா இருக்காங்களே!" என்று முப்பத்தொரு பேரும் கீழே நின்று திட்டினார்கள். அந்தக் கல் நெஞ்சக்காரர்களைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கைதட்டினார்கள்.

அப்போதுதான் நிறைமதி போர்வைக்குள்ளிருந்து சொன்னாள். "எல்லாரும் இங்க நின்னா, வீட்டுல யாரு திறப்பாங்க?"

முப்பத்தொரு பேரும் இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தார்கள். சாமியப்பன்தான் முதலில் தெளிந்தார். "பிள்ளை சொல்றது நியாயம். பெரியவங்க வீட்டுல இருக்கணும்."

"அப்ப பிள்ளைங்க தனியாப் போறதுங்களா? சுற்றறிக்கையில கட்டாயம் கூட இருக்கணும்னு போட்டிருக்குதே" என்றார் துளசிமணி.

திருஞானம் தலையைச் சொறிந்தார். தான் எழுதின வரி, தானே எப்படி மீறுவது? சட்டென்று வழி தோன்றியது. "பெரியவங்க வீட்டுலயும் இருக்கணும், பிள்ளைங்க கூடவும் இருக்கணும். அவ்வளவுதானே? அவங்கவங்க பிள்ளையைக் கூட்டிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவோம்!"

அடடா, என்ன மூளை! தோளில் தட்டிப் பாராட்டிவிட்டு எல்லோரும் ஏறிப்போனார்கள். பதினைந்து வீட்டிலும் விளக்கெரிந்தது, கதவு அகலத் திறந்தது. வாசலில் மிட்டாய்த் தட்டோடு பெரியவர்கள், பிள்ளை உள்ள வீட்டில் பக்கத்தில் பேய். அரை மணி ஆனது. ஒரு ஈ காக்கா வரவில்லை.

"அப்பா, இப்ப யாரு வருவாங்க?"

"பிள்ளைங்க வருவாங்க சாமி."

"நாந்தானே பிள்ளை?"

"பேசாம இரு. பெல் சத்தம் கேட்குதான்னு பாரு."

கீழே மகுடேசுவரனுக்கு இந்த அமைதி சந்தேகமாக இருந்தது. சரி, இதுதான் சமயம் என்று, பேய் விழாவை நிரந்தரமாகத் தடை செய்யக் கோரி ஒரு மனு எழுதினார். மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பனிக்காற்று ஆகாது என்று தலையில் ஒரு வெள்ளைத் துண்டு.

துளசிமணி வீட்டில் பெல் அடித்ததுதான் தாமதம். "வந்துட்டீங்களா! வாங்க வாங்க! எவ்வளவு நேரமாக் காத்துட்டிருக்கறோம்!" என்று அவர் பையை வாங்கி, தட்டில் இருந்த எள்ளுருண்டை அத்தனையையும் கொட்டினார். மனுவிலும் கையெழுத்துப் போட்டார். வந்த பேய் எதை நீட்டினாலும் மறுக்கக்கூடாதல்லவா? அடுத்த வீட்டில் கடலை மிட்டாய், அதற்கடுத்த வீட்டில் சாக்லேட். சாமியப்பன் இரண்டு கை நிறையத் தேன் மிட்டாய் போட்டு, "நல்ல வேஷமுங்க, அசல் மகுடேசுவரன் மாதிரியே இருக்குது" என்றார். திருஞானமும் தட்டைக் கவிழ்த்துக் கையெழுத்துப் போட்டார். யாராவது வந்தார்களே என்ற சந்தோஷத்தில், எதில் போடுகிறோம் என்று அவர் படிக்கவில்லை.

பதினைந்து கையெழுத்தும் கிடைத்தது. ஆனால் பையைத் தூக்கத்தான் முடியவில்லை. மகுடேசுவரன் படியில் அதை இழுத்துக்கொண்டு போய், உள்ளே நுழைந்து, ஞாபகமாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நிமிஷத்தில் பெல் அடித்தது. நிறைமதி. பின்னால் திருஞானம்.

"எதிர்ப்பு! திறக்கமாட்டேன்!"

"திறக்க வேண்டாம் தாத்தா. ஜன்னல் வழியாக் குடுங்க. உங்களுக்குத்தான் சர்க்கரை ஆச்சே."

மகுடேசுவரன் தன் கொள்கையைப் புரட்டிப் பார்த்தார். கதவைத் திறக்கக்கூடாது என்பதுதான் கொள்கை, ஜன்னலைப் பற்றிக் கொள்கை எதுவும் இல்லை. ஜன்னல் திறந்தது. கம்பி வழியாக எள்ளுருண்டையும் தேன் மிட்டாயும் மளமளவென்று கொட்டின. நிறைமதியின் பை நிறைந்தது, அப்பாவின் சட்டைப் பையும் நிறைந்தது. பிள்ளை போர்வையைத் தள்ளிவிட்டு வாய் நிறையச் சிரித்தது. அம்மை இறங்கினதிலிருந்து அன்றைக்குத்தான் அது அப்படிச் சிரித்தது. திருஞானத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிச்ச எட்டுப் பேய்களுக்கும் சொல்லி அனுப்பினார். எல்லாப் பையும் நிறைந்தது.

மறுநாள் பொதுக்குழு. மனு வாசிக்கப்பட்டது. பதினாறு கையெழுத்து, ஏகமனதாகத் தடை. பேய் வேஷத்துக்கு இனி பொன்மலரில் இடமில்லை.

"ஆனா பிள்ளைங்க பை நிறைஞ்சுதுங்களே, அது எப்படி?" என்றார் திருஞானம். "பேயாப் போனப்ப ஒரு பொரி கிடைக்கலை. மகுடேசுவரன் போனாரு, எல்லாரும் கொட்டிக் குடுத்தாங்க."

சபைக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. அடுத்த வருஷம் ஒன்பது குழந்தைகளும் வெள்ளை வேட்டி கட்டி, தலையில் துண்டு போட்டு, கையில் மனுவோடு மகுடேசுவரன் வேஷத்தில் வரவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

"நான் எதிர்க்கிறேன்!" என்று எழுந்தார் மகுடேசுவரன்.

"தாராளமா எதிர்த்துக்கங்க" என்றார் சாமியப்பன். "நீங்க கதவைத் திறக்க வேண்டாம்."

மகுடேசுவரனுக்கு நெற்றி சுருங்கியது.

"அதெப்படிங்க முடியும்? வாசல்ல நானே வந்து நிக்கும்போது, என் வீட்டுக் கதவை நானே எனக்குத் திறக்கலைன்னா, ராத்திரி நான் எங்க போய்ப் படுப்பேன்?"