வீட்டிலிருந்து வீட்டுக்கு மூன்று டிக்கெட்

"எங்க வீட்டுல இருந்து எங்க வீட்டுக்கு மூணு டிக்கெட்."

மினிபஸ்ஸின் முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. கண்டக்டர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, அது எந்த ஸ்டாப் என்று கேட்டார். டிக்கெட் கேட்டவர் பொறுமையாக விளக்கினார்.

"ஏறுனது முன்வாசல். இறங்குறது பின்வாசல். வேலைக்குப் போறோம்."

அவர் பெயர் தளவாய். பக்கத்தில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் மனைவி வடிவு. இடம் இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தது அவர் தம்பி ஐயம்பெருமாள். வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போவார்கள் என்பது அவன் கணக்கு.

கருவேலங்குளத்தில் இந்த மூன்று பேரும் வீட்டிலேயே கைமுறுக்கு போட்டு விற்றார்கள். வடிவு சுற்றுவாள், தளவாய் எண்ணெயில் போட்டு எடுப்பார், ஐயம்பெருமாள் உடைந்ததைத் தின்பான். எதுவும் உடையாத நாளில் உடைத்துத் தின்பான். வடிவின் கைக்கு ஊரில் நல்ல பெயர். டிவி நாடகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, அதில் வரும் நாத்தனாரைத் திட்டிக்கொண்டே, மாவின் பக்கம் திரும்பாமல் ஒன்பது சுற்று முறுக்கு சுற்றுவாள். ஒரு சுற்று இன்னொரு சுற்றோடு ஒட்டாது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொழிலை இன்னும் நன்றாக நடத்தவேண்டும் என்று ஒருநாள் மூவரும் ஒரு பயிற்சிக்குப் போனார்கள். சமுதாயக் கூடத்தில் 'வீட்டிலிருந்தே தொழில்' என்று பேனர் கட்டியிருந்தது. மைக்கில் பேசியவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். வீட்டுக்குள்தான் தொழில் என்றாலும், வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி காலையில் கிளம்பிப் போங்கள். கவனத்தைக் கலைப்பது எதுவோ அதைத் தூக்கி வெளியே வையுங்கள். உங்கள் தொழிலுக்கு முதல் எதிரி வேறு யாருமில்லை, நீங்கள்தான். பிறகு எல்லாருக்கும் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்தார்கள்.

மூன்றாவது விஷயம் தளவாய்க்கு வருத்தமாகப் போய்விட்டது. அவர் முதல் வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று வீடு வரும்வரை புலம்பினார். அதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம், முதலில் சொன்னதை முதலில் செய்வோம் என்று வடிவுதான் அவரைத் தேற்றினாள்.

அவர்கள் வீட்டுக்கு முன்வாசல் சந்தைத் தெருவில், பின்வாசல் ஊருணித் தெருவில். முன்கட்டை வீடு என்றும் பின்கட்டை ஆபீஸ் என்றும் பிரித்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஒரே எட்டில் வந்துவிட்டால் அது வேலைக்குப் போனதாக ஆகுமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். ஆகாது என்று ஐயம்பெருமாள் அந்தக் கதவில் பலகை வைத்து ஆணி அடித்தான்.

அன்றிலிருந்து மினிபஸ்தான். சந்தைத் தெருவில் புறப்படும் பஸ் ஊரைச் சுற்றி, ரயில்வே கேட்டைத் தாண்டி, மில் ஸ்டாப்பில் திரும்பி, ஊருணித் தெருவுக்கு வரும். போன வழியிலேயே திரும்பி வரும். கேட் போட்டிருந்தால் வேலைக்குத் தாமதம். தாமதமாக வந்தால் தளவாய் மூன்று பேரையும் நிற்கவைத்துக் கண்டிப்பார். தன்னைக் கண்டிக்கும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. உப்பு டப்பா முன்கட்டில் இருந்துவிட்டதால் உப்பு போட யாராவது பஸ் ஏறிப் போய்வர வேண்டியிருந்தது. முன்வாசலில் யாராவது கதவைத் தட்டினால், வடிவு பின்கட்டிலிருந்து "வீட்டுல யாரும் இல்ல, வேலைக்குப் போயிருக்கோம்" என்று சத்தமாகச் சொல்லிவிடுவாள். ஒருநாள் ஐயம்பெருமாள் காய்ச்சல் என்று லீவு போட்டு முன்கட்டில் படுத்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மைனி, ஒரு காபி என்று கேட்டான். வடிவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வேலையில் இருந்தாள். சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

அப்போதுதான் கோமதி டீச்சரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு வைக்கிற சீர்த்தட்டில் ஒன்பது சுற்று முறுக்கு இருக்கவேண்டும். மாப்பிள்ளைக்கு ஒரு அத்தை இருந்தாள். முந்தின கல்யாணம் ஒன்றில், முறுக்கு ஏழு சுற்றுதான் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சீர்த்தட்டைத் தள்ளிவைத்தவள். அந்தச் சம்பந்திகள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. டீச்சர் இதையெல்லாம் சொல்லி, வடிவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை அழைப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதற்குள் முறுக்கு வந்துவிடும், என் கையை நம்புங்க டீச்சர் என்று வடிவு சொன்னாள்.

இவ்வளவு பெரிய காரியத்தை ஏனோதானோவென்று செய்யக்கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை காலையில் இரண்டாவது விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். கவனத்தைக் கலைப்பது எது? டிவி. அதைத் தூக்கிப் பின்வாசலுக்கு வெளியே ஊருணித் தெருவில் வைத்தார்கள். திடீரென்று நிறுத்தினால் நாடகம் பாதியில் நின்றுவிடும் என்று, ஜன்னல் வழியாக வயரை விட்டு அது ஓடும்படியே வைத்தார்கள். அடுத்து செல்போன்கள். அடுத்து சுவர்க் கடிகாரம். மணி என்ன என்று யாரும் கேட்காதபோதும் அது சொல்லிக்கொண்டே இருந்தது.

வடிவு மாவை உருட்டி உட்கார்ந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக முறுக்கு சுற்றுவதைக் கவனித்தாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டு போவதை உற்றுப் பார்த்தாள். விரல்கள் நின்றுவிட்டன. அடுத்தது எந்த விரல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கை மறந்துபோச்சு," என்றாள்.

இன்னும் ஏதோ கவனத்தைக் கலைக்கிறது என்றார் தளவாய். எண்ணெய் வாசம் வந்தால் எனக்கு வேறு எதுவும் ஓடமாட்டேன் என்கிறது என்று ஐயம்பெருமாள் ஒப்புக்கொண்டான். அடுப்பையும் எண்ணெய்ச் சட்டியையும் வெளியே வைத்தார்கள். மாவைப் பார்த்தால்தான் பதற்றமாக இருக்கிறது என்றாள் வடிவு. மாவுப் பாத்திரமும் வெளியே போனது. முறுக்கு சுற்றுகிற வெள்ளைத் துணியும், அடுக்கிவைக்கிற டின்களும் போயின. மூவரும் வெறும் அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கவனத்துக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. கவனிப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தும் முறுக்கு வரவில்லை.

"இன்னும் யாரோ உள்ள இருக்காங்க," என்றார் தளவாய்.

"நாமதான் இருக்கோம், அண்ணே."

தளவாய் தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வடிவைப் பார்த்தார். "மூணாவது விஷயம்," என்றார் மெதுவாக. "தொழிலுக்கு எதிரி நீங்கதான்னு அந்த மனுசன் அன்னைக்கே சொன்னாரே. எதிரியை உள்ள வச்சுக்கிட்டுக் கடிகாரத்தைக் கொண்டுபோய் வெளிய வச்சிருக்கோம்."

மைக்கில் பேசியவர் அன்று சொன்னது தன்னை மட்டுமல்ல என்று தெரிந்ததில் தளவாய்க்கு ஒரு நிம்மதியும் இருந்தது. தொழிலை மனதில் வைத்து மூவரும் எழுந்து வெளியே வந்தார்கள். கதவைச் சாத்திப் பூட்டினார்கள். ஐயம்பெருமாள் பூட்டை இழுத்துப் பார்த்தான். ஒரு எதிரியும் உள்ளே போகமுடியாது.

உள்ளே வேலை முடியும்வரை எங்கேயாவது இருக்கவேண்டுமே என்று, தெருவில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். உள்ளே தொந்தரவாக இருக்கக்கூடாது என்பதால் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். ஊருணிக்கு வந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். நாடகத்தில் நாத்தனார் அன்றைக்கு நகைப்பெட்டியை ஒளித்துவைத்திருந்தாள். வடிவால் பொறுக்க முடியவில்லை. அவளை அடக்கின குரலில் திட்ட ஆரம்பித்தாள். கை சும்மா இருக்க முடியாமல் பக்கத்திலிருந்த மாவை எடுத்தது. தளவாய்க்கும் கை ஊறியது. அடுப்பைப் பற்றவைத்தார். ஐயம்பெருமாள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்ததால் எதுவும் உடையவில்லை.

ஒரு நாடகம் முடிந்து இன்னொன்று வந்தது. அதுவும் முடிந்தது. வடிவு அடுத்த உருண்டைக்குக் கையை நீட்டினாள், பாத்திரம் காலியாக இருந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். டின்கள் நிறைய ஒன்பது சுற்று முறுக்கு.

அவள் முகம் வெளிறிப்போனது. "ஐயையோ, வேலை நேரத்துல உக்காந்து முறுக்கு சுத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

யாருக்கும் தெரியவேண்டாம் என்று தளவாய் சட்டென்று டின்களை மூடினார். ஐயம்பெருமாள் மேலே ஒரு சாக்கைப் போட்டான். குடத்தோடு நின்ற பெண்களிடம், நீங்க எதையும் பார்க்கலை என்று கேட்டுக்கொண்டான்.

இனி உள்ளே வேலை முடிந்திருக்கும் என்று கதவைத் திறந்தார்கள். அறை காலியாக இருந்தது. தளவாய் மூலை மூலையாகப் போய்ப் பார்த்தார். இவ்வளவு தூரம் ஒதுங்கி இருந்தும் ஒரு முறுக்குகூட ஆகவில்லையே என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வடிவு அழுதாள். டீச்சருக்குக் கொடுத்த வார்த்தை போயிற்று, அந்த அத்தை தட்டைத் தள்ளப் போகிறாள், கல்யாணப் பெண் என்ன பாடுபடுவாளோ என்று விசும்பினாள்.

அந்த நேரத்தில்தான் கோமதி டீச்சர் பட்டுச்சேலையோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். மண்டபத்தில் மேளம் தொடங்கிவிட்டது, முறுக்கு எங்கே என்று கேட்டார். முறுக்கு ஆகவில்லை என்று மூன்று பேரும் தலையைக் குனிந்தார்கள். டீச்சர் சாக்கைத் தூக்கினார். ஒரு டின்னைத் திறந்தார்.

"அப்ப இது என்ன?"

"அது கணக்குல வராது, டீச்சர்," என்றார் தளவாய். "சும்மா இருந்த நேரத்துல சுத்துனது. கம்பெனி முறுக்கு இல்ல."

"எனக்கு இது போதும், குடுங்க."

தளவாய்க்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மூவரும் தள்ளிப்போய் நின்று பேசினார்கள். வேலையாகச் செய்தது ஆபீஸ் பொருள். பொழுதுபோக்காகச் செய்தது வீட்டுப் பொருள். வீட்டுப் பொருளை ஆபீஸ் வாசலில் வைத்துக் கொடுத்தால் நாளைக்கு எல்லாம் ஒன்றாகக் குழம்பிப் போகும். ஆணி அடித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

"வீட்டுக்கு வாங்க டீச்சர், தாராளமா தாரோம்," என்றார் திரும்பி வந்து.

வீடு எங்கே என்று டீச்சர் கேட்கவில்லை. ஆணி அடித்த கதவு நேராகத் தெரிந்தது. மேளச் சத்தமும் நன்றாகக் கேட்டது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மினிபஸ் வந்து நின்றது. டீச்சர் வாயை மூடிக்கொண்டு, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மூவரும் டின்களோடு பின்னால் ஏறினார்கள்.

"இவங்க வீட்டுல இருந்து இவங்க வீட்டுக்கு நாலு," என்றார் டீச்சர். கண்டக்டர் எதுவும் கேட்காமல் கிழித்துக் கொடுத்தார்.

மில் ஸ்டாப்பில் திரும்பி வந்தால், ரயில்வே கேட் போட்டிருந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பஸ்ஸை ஒட்டி ஒரு வேன் வந்து நின்றிருந்தது. வேனின் முகப்பில் பூமாலையும் வாழைக்கன்றும் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வேன். ஜன்னலோரத்தில் அத்தை.

டீச்சர் யாரையும் கேட்கவில்லை. தளவாயின் மடியிலிருந்த டின்னைத் திறந்து, ஒரு முறுக்கை எடுத்து, பஸ் ஜன்னல் வழியாக நீட்டினார்.

"வீட்டுக்குப் போறதுக்குள்ள பொறுக்கலையே," என்று தளவாய் வடிவின் காதில் வருத்தப்பட்டார்.

அத்தை முறுக்கை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒன்பது. இன்னொரு முறை எண்ணினாள். பிறகு ஓரத்தைக் கடித்தாள். மென்றாள். பாதி முறுக்கு முடிந்தபிறகுதான் கேட்டாள்.

"இது யாரு கை?"

டீச்சர் வடிவைக் காட்டினார். வடிவு கொழுந்தனுக்குப் பின்னால் மறைந்துகொண்டு, நான் அந்த நேரத்தில் வேலையில் இருந்தேன் என்றாள்.

"ஆவணியில என் மகளுக்குக் கல்யாணம்," என்றாள் அத்தை. "எனக்கும் இதே மாதிரி வேணும். இப்பவே எழுதிக்கோங்க."

தளவாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கும்பிட்டார்.

"இப்ப வீட்டுக்குப் போயிட்டு இருக்கோம், அம்மா. வீட்டுல தொழில் பேசுறதில்ல. ஆர்டர் கொடுக்கணும்னா ஆபீசுக்குத்தான் வரணும்."

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"இந்த பஸ்தான். எங்க வீடு வந்ததும் இறங்கிடாதீங்க. அப்படியே உக்காந்திருந்தா எங்க ஆபீஸ் வரும்."

ரயில் போய்க்கொண்டிருந்தது. அத்தை மீதி முறுக்கை வாயில் போட்டுக்கொண்டாள். வேன் கதவைத் திறந்து இறங்கினாள். மாப்பிள்ளையிடம், நீங்கள் எல்லாரும் முன்னால் போய்க்கொண்டிருங்கள் என்று சொன்னாள். பஸ்ஸில் ஏறி, வடிவின் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள்.

"இவங்க ஆபீசுக்கு ஒண்ணு," என்றாள்.