குனிய மாட்டேன் என்ற கொம்பாயி

மலைகளுக்கு யாரும் பெயர் வைத்திராத காலம் அது. பெரிய ஏரி ஒன்று. ஒரு கரையில் ராஜ்யம், எதிர்க்கரையில் செங்குத்தான பாறை. அந்த ராஜ்யத்துக்குள் கற்சொல்லன் என்ற மந்திரவாதி நுழைந்தான். வாளும் கிடையாது, படையும் கிடையாது. அவனிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதைக் கேட்டவர்கள் கேட்ட இடத்திலேயே கல்லாகிவிடுவார்கள்.

"குனிந்தால் சோறு, நிமிர்ந்தால் கல்!" என்றான். ராஜா குனிந்தார். மந்திரி குனிந்தார். பட்டத்து யானைகூட முட்டி போட்டுக் குனிந்தது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல!

குனியாதவர்களின் கையைப் பின்னால் கட்டி அரண்மனை முற்றத்தில் நிறுத்துவார்கள். முரசு முழங்கும். ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். கற்சொல்லனும் தன் காதில் மெழுகை அடைத்துக்கொள்வான். அந்தச் சொல்லுக்கு எஜமான் யார், அடிமை யார் என்று தெரியாதே! பிறகு பக்கத்தில் போய் மெல்லச் சொல்வான். ஆள் கல்லானதும் மெழுகை எடுத்துவிட்டுக் கையைத் தூக்குவான். உடனே ஜனங்கள் காதைத் திறந்து, "வாழ்க! வாழ்க! வாழ்க!" என்று கத்த வேண்டும். முதல் 'வாழ்க' தப்பாமல் அவன் காதில் விழ வேண்டும். அப்படி ஒரு அற்பப் புத்தி.

விறகு வெட்டும் கொம்பாயிக்கு இருந்த ஒரே சொந்தம் அக்கா நாச்சி. ஊருக்குள் விறகு விற்கப் போன நாச்சி குனியவில்லை. கல்லாகிப் போனாள். அதோடு விட்டானா? அந்தக் கற்சிலைகளையெல்லாம் உடைத்துத் தன் மாளிகைக்குப் படிக்கட்டு கட்டப் போவதாகவும், பௌர்ணமியன்று சம்மட்டி இறங்கும் என்றும் அறிவித்தான்.

கொம்பாயி படகேறி எதிர்க்கரைக்குப் போனாள். பாறை முன்னால் நின்று வயிறெரிய அலறினாள். "குனிய மாட்டேன்!"

"குனிய மாட்டேன்!" என்றது பாறை.

"யாரம்மா அது, பகல்லே தூங்க விடாமே?" பாறை இடுக்கிலிருந்து ஒரு குண்டு வௌவால் எட்டிப் பார்த்தது.

"நீ ஏன் தலைகீழாத் தொங்கறே?"

"ஊரே குனிஞ்சு நிக்குது. குனிய மாட்டேன்னுதான் இப்படித் தொங்கறேன்."

அழுகைக்கு நடுவே கொம்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாறைக்கு வாய் ஏது? எப்படிப் பேசுது?"

"பேசலே. உன் சத்தம்தான் திரும்பி வந்துச்சு. தண்ணியிலே ஒரு கல்லைப் போட்டுப் பாரு."

போட்டாள். வட்ட வட்டமாக அலை போயிற்று. பாறையில் முட்டித் திரும்பிற்று.

"சத்தமும் காத்துலே இப்படித்தான் அலையாப் போகும், முட்டினாத் திரும்பும்" என்றது வௌவால். "கிட்டத்துச் சுவர்னா உடனே வரும், தூரத்துச் சுவர்னா நேரமாகும். இருட்டிலே நான் பறக்கறதே அதைக் கேட்டுத்தான்."

அந்த நேரம் ஊர்ப்பக்கம் சாயங்காலக் கும்பிடுக்கு முரசு கொட்டினார்கள். அரண்மனை மாடியில் முரசுக்காரனின் கோல் விழுவது கொம்பாயிக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. கோல் மேலே போன பிறகுதான் 'டம்' வந்தது. மறுபடி பார்த்தாள். மூன்றாம் தடவையும் பார்த்தாள்.

"வௌவாலே! கண்ணுக்கு வர்றது முந்திக்குது, காதுக்கு வர்றது பிந்திக்குது!"

"வெளிச்சமும் அலைதான். ஆனா அது ஓடற ஓட்டத்துக்கு முன்னாலே சத்தம் வெறும் நடை."

"கற்சொல்லன் தன் சொல்லைத் தானே கேட்டா?"

"அவனும் கல்லுதான். சொன்னவன் கல்லானாச் சொல்லும் செத்துச்சு. கல்லானவங்க எல்லாரும் முழிச்சுக்குவாங்க."

கொம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

பௌர்ணமியும் வந்தது. காலையிலேயே சம்மட்டிக்காரர்கள் முற்றத்தில் வந்து நின்றார்கள். மாடியில் நின்ற கற்சொல்லன் உத்தரவு கொடுக்க வாயெடுத்தான். பளீர்! கண்ணில் வெளிச்சம் அடித்தது. எதிர்க்கரையில் கொம்பாயி வெண்கலத் தட்டில் வெயிலை வாங்கி அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். ஊரே பார்த்தது.

"படகு அனுப்பிப் பிடிச்சு வரட்டுமா சாமி?" என்று மந்திரி குழைந்தார்.

"ஒரு விறகுக்காரிக்குப் படகா? என் குரல் போதும்!"

முரசு முழங்கிற்று. ஊர் காதைப் பொத்திக்கொண்டது. அவன் மெழுகை அடைத்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தொண்டை கிழிய அந்தச் சொல்லைக் கத்தினான்.

கொம்பாயியின் காதில் தேன்மெழுகு இருந்தது. அவ்வளவு தூரத்தில் அது யாருக்குத் தெரியப் போகிறது? அவன் வாய் திறந்தது கண்ணில் பட்ட நொடியே மரமாக நின்றாள். கண் இமைக்கவில்லை. அவன் மெழுகை எடுக்காவிட்டால் அக்கா படிக்கல்தான்.

கற்சொல்லன் பார்த்தான். கல்! விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்தில் நின்றே சொல்லிப் பழகியவன். சொல் இன்னும் ஏரியைத் தாண்டவில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு காது மெழுகை எடுத்தான். மறு காது மெழுகையும் எடுத்தான். 'வாழ்க' கேட்கக் கையைத் தூக்கப் போனான்.

அதற்குள் சொல் ஏரியைத் தாண்டி, பாறையில் முட்டி, வந்த வழியே திரும்பி அவன் காதுக்குள் புகுந்தது. தூக்கப் போன கை கல். தோள் கல். சிரித்த வாயும் கல்.

முற்றத்தில் சிலைகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டன. கொம்பாயி படகை வெறிபிடித்தவள்போல் வலித்து வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏண்டி, அழறதை அப்புறம் வச்சுக்கோ. முதல்ல என் கைக்கட்டை அவுத்து விடுடி!" என்றாள் நாச்சி.

ராஜா தங்க மாலையோடு வந்தார். அவர் குள்ளம், கொம்பாயி நெடுநெடுவென்று உயரம்.

"மாலை போடணும், கொஞ்சம் குனிம்மா."

"குனிய மாட்டேன் ராஜா."

ராஜா வளைந்து வளைந்து வலித்துப் போன தன் முதுகைத் தடவிக்கொண்டார். பிறகு ஒரு முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று அவள் கழுத்தில் மாலையைப் போட்டார்.

கதை அவ்வளவுதான். நீங்களும் நிமிர்ந்து உட்காருங்கள்.